கிளம்புகிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி

ஆலப்பாக்கம் தாண்டினால் எனக்குக் கண் சொக்கிவிடும். கடலூர் முதுநகரில் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய "ஐ ஆம், யூ ஆர், ஹி இஸ்" என்று ஆரம்பிப்பேன். புதுச்சத்திரம் வருவதற்குள் ஹி யார், இஸ் யார் என்பதே மறந்துபோகும். பாதித் தூக்கத்தில் வெளியே பார்த்தால் சவுக்குத் தோப்பும் இறால் குட்டையும் தாமாகவே இங்கிலீஷில் ஓடிக்கொண்டிருக்கும். மரம் இஸ் நின்றுகொண்டு. மாடு இஸ் மேய்ந்துகொண்டு. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ்ஸின் சத்தம் மாறும்போது லேசாக விழிப்பு வரும். கீழே ஆறு போகிறதா, நிற்கிறதா என்று தெரியாது. அந்த நேரத்தில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டிருந்தால் பதில் எந்த மொழியில் வந்திருக்கும் என்று எனக்கே நிச்சயமில்லை.

நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் மீன் கூடை எடுப்பார்கள், இல்லாவிட்டால் கருவாடு போடுவார்கள். எனக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. யாராவது பேரம் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வாங்க வந்தவர்கள் அடுத்த கூடைக்கு ஓடிவிடுவார்கள். லாட்ஜில் பெட்ஷீட் யாரிடமும் பேரம் பேசுவதில்லை. ஆனால் கோயில் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். மாடிப்படியில் எதிரே வந்து "எக்ஸ்க்யூஸ் மீ" என்று ஆரம்பித்தால் போதும், நான் துடைப்பத்தோடு பக்கத்து ரூமில் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வேன். ஒருமுறை அப்படிப் புகுந்த ரூமுக்குள் இன்னொரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரும் "எக்ஸ்க்யூஸ் மீ" என்றார்.

மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இங்கிலீஷ் பேசக் கத்துக்கிட்டு வாம்மா. ரிசப்ஷன்ல சேர் போட்டு ஒக்கார வெக்கிறேன்."

உட்கார்ந்து பார்க்கும் வேலை. மேலே ஃபேன், கையில் பேனா. அந்த ஆசையில்தான் போய்ச் சேர்ந்தேன். மொழி மீது காதல் என்றெல்லாம் சொன்னால் அது பொய்.

தெற்கு வீதியில் ஒரு வளையல் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. ரூம் வேலை முடிந்ததும் மதியத்துக்கு முன்னால் போய் உட்காருவேன். சொல்லிக்கொடுத்த மிஸ் குறிஞ்சிப்பாடியிலிருந்து தினம் வந்து போகிற சின்னப் பெண். எனக்குக் கடைசித் தங்கை இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். படிக்க வந்தவர்கள் சில காலேஜ் பெண்கள், துபாய்க்குப் போக நினைத்திருந்த கம்மாபுரத்து டிராக்டர் மெக்கானிக் ஒருவர், அப்புறம் நான். கீழே கடையில் வளையல் அடுக்கும் சத்தம் மேலே வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தோடு சேர்ந்துதான் எனக்கு இலக்கணம் ஏறியது. இப்போதும் எங்காவது கண்ணாடி வளையல் உரசினால் டூவும் டஸ்ஸும் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஏறியது என்று சொல்கிறேனே தவிர, முதல் சில வாரங்கள் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தமிழில் ‘அவர் என் வீட்டுக்காரர்’ என்றால் முடிந்தது. இங்கிலீஷில் நடுவே ஓர் இஸ் போடாவிட்டால் மிஸ்ஸின் முகம் கோணும்.

"அந்த இஸ் இன்னா வேல செய்யுது மிஸ்?" என்று கேட்டேன்.

"ஒன்னும் செய்யாது. சும்மா இருக்கும். ஆனா இருக்கணும்."

எங்கள் மாமனார் கடைசிக் காலத்தில் அப்படித்தான் வீட்டில் இருந்தார். அதற்குப் பிறகு நான் இஸ்ஸை விட்டதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது எவும் தியும். ஒருவரை முதல் தடவை சொல்லும்போது எ மேன். அடுத்த வரியிலேயே அவர் தி மேன். யாரோ ஒருவர் ஒரே வரியில் நமக்குத் தெரிந்தவராகிவிடுகிறார். பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் நான் எ போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். பச்சைத் துண்டு போட்ட எ பெரியவர். தூங்கும் குழந்தையோடு எ அம்மா. பி.முட்லூரில் அவர்கள் இறங்கும்போது தி பெரியவர், தி அம்மா. அவர்கள் நடந்து போவதை ஜன்னல் வழியே பார்த்தால், ஏனோ, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போவதைப் போல மனசு லேசாகக் கலங்கும். இந்த மாதிரி ஒரு கிறுக்கு எனக்குள் இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

ஹி மட்டும் வாயில் வரவில்லை. ஹி என்றால் எனக்கு அவன் என்றுதான் கேட்டது. கட்டின புருஷனை அவன் என்று எப்படிச் சொல்வது? அதனால் ‘தே கோ டு சீ’ என்று எழுதினேன். அவுங்க கடலுக்குப் போறாங்க.

"எத்தன பேரு போறாங்க?" என்றாள் மிஸ்.

"ஒருத்தருதான் மிஸ். எங்க மாமா."

எங்கள் பக்கம் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவோம். மிஸ்ஸுக்கும் அது தெரியும். சிவப்புப் பேனாவை எடுத்தவள் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தாமல் விட்டாள்.

ஒருநாள் அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றாள். "நான் வெளிய கெளம்புறேன். ஒவ்வொருத்தரா என்னக் கேக்கணும். வேர் ஆர் யூ கோயிங்? அக்கா, நீங்க மொதல்ல."

எழுந்து நின்றேன்.

வெளியே கிளம்புகிறவரை எங்கே போகிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டே ஆக வேண்டுமென்றால் ‘தூரமா?’ என்போம். கடலுக்குப் போகிறவரை அதுகூடக் கேட்க மாட்டோம். எங்கே என்று கேட்பதில்லை, எப்போது வருவீர்கள் என்று கேட்பதில்லை, பின்னாலிருந்து கூப்பிடுவதும் இல்லை. தப்பித் தவறிக் கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அவர் தெருமுனை திரும்பும்வரை முதுகைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு எவ்வளவு பெரிய கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதனால் மிஸ்ஸைப் பார்த்து, "இஸ் இட் ஃபார்?" என்றேன்.

"வாக்கியம் கரெக்ட். கேள்வி தப்பு" என்றாள் அவள்.

டிராக்டர் மெக்கானிக் எனக்காக எழுந்தார். "கெளம்புறவங்கள அப்டிக் கேக்கக் கூடாது மிஸ். அக்கா கேட்டதுதான் மொற."

மிஸ் சிரித்துவிட்டாள். "எங்க வீட்லயும்தான் கேக்க மாட்டாங்க. இங்கிலீஷ்ல கேட்டா ஒன்னும் ஆவாது. கேளுங்க."

கேட்டேன். அவள் "ஐ ஆம் கோயிங் டு தி மார்க்கெட்" என்று சொல்லி, படியில் இரண்டடி இறங்கி, மறுபடி மேலே வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கிலீஷில் கேட்டால் ஒன்றும் ஆகாது. அந்த வரியே மனசில் சுற்றிச் சுற்றி வந்தது. மாமாவிடம் கேட்காமல் மாதக்கணக்கில் வைத்திருந்த கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஒரு பைபர் போட் வைத்திருந்தார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு, வெயில் சாயும்போது கிளம்பிப் போய், வலை விட்டு, மறுநாள் காலையில் திரும்புவார்கள். அதற்கு முந்தின மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் அலை தூக்கி அடித்து போட் கவிழ்ந்தது. எல்லோரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். போட்டையும் இழுத்து வந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் பெரிய மாமா, அதாவது அவர் அண்ணன், தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தம்பியின் லுங்கி அலையோடு போனதையும் அவர் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்ததையும் நடித்துக் காட்டினார். தெருவே சிரித்தது. எங்கள் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அதற்குப் பிறகு அவர் கிளம்புவது மாறிப்போனது. சாப்பிட்டதும் கை கழுவுவார். செருப்பைப் போடுவார், கழற்றுவார். கால் கழுவிக்கொண்டு வருவார். போனை எடுப்பார், வைப்பார். வாசல்வரை போய்விட்டுத் தீப்பெட்டிக்குத் திரும்பி வருவார். தீப்பெட்டி சட்டைப் பையிலேயே இருக்கும். எனக்கு முதலில் வந்த சந்தேகம் எல்லாப் பெண்டாட்டிக்கும் வருகிற சந்தேகம்தான். போனை எடுத்துப் பார்த்தேன். ஐஸ் கம்பெனிக்காரன் நம்பரையும் அண்ணன் நம்பரையும் தவிர அதில் ஒன்றும் இல்லை. இன்னொருத்தி இருந்திருந்தால்கூட நான்கு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பேன். யாரும் இல்லாததால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அவர் இளைத்துக்கொண்டே போனார். மறுநாள் காலை திரும்பி வந்தால் அலுப்பில் தூங்கிவிடுவார். எழுந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் கிளம்பும் நேரம். கிளம்பும் நேரத்தில் கேட்கக் கூடாது. எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் என் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறார் என்று தோன்றியது.

‘வேர் ஆர் யூ கோயிங்’ படித்த அந்த வாரக் கடைசியில் மிஸ் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். வீட்டில் ஒருவரை இங்கிலீஷில் சில கேள்விகள் கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு வர வேண்டும். எங்கே போகிறீர்கள், என்ன வேலை, எது பிடிக்கும், எது பிடிக்காது. என் மகளைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் பத்தாவது படிக்கிறாள். நான் வாயைத் திறந்தாலே தலையணையில் முகம் புதைத்துச் சிரிக்கிறவள். அவர் பிளஸ் டூ வரை படித்தவர், என்னைவிட ஜாஸ்தி. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், சாப்பிட்ட தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"மாமா, எனக்குப் பாடம் இருக்குது. நான் இங்கிலீஷ்ல கேப்பேன், நீங்க இங்கிலீஷ்லயே சொல்லணும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கேளு டீச்சர்" என்றார்.

"வேர் ஆர் யூ கோயிங்?"

அவருக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. என்னைப் பார்த்தார். நான் பேனாவோடு தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"ஐ ஆம் கோயிங் டு சீ" என்றார்.

"வாட் டு யூ லைக்?"

"ஐ லைக் ரைஸ். ஐ லைக் சிக்கன்." மீன்காரர் வீட்டில் கோழி. இரண்டு பேரும் சிரித்தோம்.

"வாட் டு யூ நாட் லைக்?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் மீன் முள் இருந்தது. அப்புறம் அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார். "ஐ டோண்ட் லைக் சீ. ஐ ஆம் அஃப்ரெய்ட். எவ்ரிடே ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் சீ."

"தி போடணும் மாமா. தி சீ" என்றேன்.

"தி சீ" என்று அவர் திருத்திக்கொண்டார்.

அதை எழுதிவிட்டேன். எழுதி முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்தேன். தலையைத் தூக்கினால் அவர் எழுந்து கை கழுவப் போயிருந்தார். அப்புறம் செருப்பு, தீப்பெட்டி. டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டு அவர் முதுகைப் பார்த்து நின்றேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மிஸ்ஸிடம் பாடம் செய்யவில்லை என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் அவரே, "இன்னிக்குப் பாடம் இல்லியா?" என்றார்.

அதிலிருந்து தினம் பாடம்தான். மிஸ் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். அந்த மதியங்களை இப்போது நினைத்தால் அவை நடந்தவையா, பஸ்ஸில் கண்டவையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கதவு பாதி சாத்தியிருக்கும். சிமெண்டுத் தரையில் ஜன்னல் வெளிச்சம் மெல்ல நகரும். எங்கள் இரண்டு பேரிடமும் இருந்த வார்த்தைகள் ஒரு கை அள்ளினால் தீர்ந்துவிடும். அவற்றை வைத்துக்கொண்டு, தமிழில் கல்யாணமான நாளிலிருந்து பேசாததையெல்லாம் பேசினோம். தெரியாத வார்த்தை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போனில் தேடுவோம். அவர் தோள் என் தோளில் இடிக்கும். புதிதாகக் கல்யாணமானவர்களைப் போல இருந்தோம் என்று சொன்னால் என் மகள் சிரிப்பாள், பரவாயில்லை.

போட் கவிழ்ந்ததையும் அப்படித்தான் சொன்னார், ஒரு நாளைக்குக் கொஞ்சமாக. "போட் டர்ன்ஸ். ஐ கோ டவுன். போட் இஸ் ஆன் மை ஹெட். பிளாக். ஐ சர்ச் மை பிரதர் ஹேண்ட். நோ ஹேண்ட்." நடந்து முடிந்ததைச் சொல்ல இங்கிலீஷில் வேறு மாதிரி இருக்கிறது, அதை அப்போது நாங்கள் படித்திருந்தோம். அவருக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அவர் நடந்ததாகச் சொல்லவில்லை, நடப்பதாகத்தான் சொன்னார். நான் திருத்தவில்லை. ஒவ்வொரு நாளும் முகத்துவாரத்தைத் தாண்டும்போது அவருக்கு அது மறுபடி நடந்துகொண்டுதான் இருந்தது.

"டெல் யுவர் பிரதர்" என்பேன்.

"நோ" என்பார். "பிரதர் நோ இங்கிலீஷ்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் போகப் போக அந்தச் சிரிப்பு எனக்குக் கசக்க ஆரம்பித்தது. மனுஷர் மதியம் என்னிடம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, லேசான முகத்தோடு எழுந்து, தமிழில் "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறார். இறக்கி வைத்தது என்னிடம் இருக்கிறது. அவர் காலையில் வரும்வரை நான் அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு இங்கிலீஷ் ஒரு மருந்து மாத்திரை மாதிரி ஆகிவிட்டது. வலியை மறக்கலாம், நோய் அப்படியே இருக்கும். இதற்கா நான் பஸ் ஏறிப் போய்ப் படித்தேன் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலும் கோபம், அண்ணன் மேலும் கோபம், ஒரு பாவமும் அறியாத மிஸ் மேலும் கோபம். சிதம்பரத்தில் பாத்ரூம் டைல்ஸைத் தேய்த்த தேய்ப்பில் மேனேஜரே வந்து, "போதும்மா, பளபளன்னு இருக்குது" என்றார்.

அப்புறம் கடலில் காற்று ஏறியது. சில நாட்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. அவர் நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார். பழைய முகம் திரும்பி வந்தது. காற்று அடங்கிய முதல் நாள், மீன் நிறைய கிடைக்கும் என்று தெருவே கிளம்பியது. முகத்துவாரத்தில் மட்டும் அலை இன்னும் அடங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சாப்பிட்டு முடித்ததும், "லெசன்?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார், வேண்டாம் என்று. செருப்பைப் போட்டார், கழற்றினார். கால் கழுவினார். வெளியிலிருந்து பெரிய மாமா, "டேய், வாடா" என்று குரல் கொடுத்தார். இவர் கேனைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கினார்.

அந்த முதுகை எத்தனை காலமாகப் பார்த்திருக்கிறேன். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. அந்தச் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எந்த மொழியில் கூப்பிடுவது என்று நான் யோசிக்கவே இல்லை.

"மாமா! போவாதீங்க."

தெரு அப்படியே நின்றது. எதிர் வீட்டு வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரிய மாமாவின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கத்தியோடு நிமிர்ந்தார். பெரிய மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா பொம்பள நீ? கடலுக்குப் போறவனப் பின்னாடி நின்னு கூப்புடுற? இங்கிலீசு படிச்சா இதெல்லாம் மறந்து பூடுமா?"

சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் திரும்பினார். முறைப்படி திரும்பித்தானே ஆக வேண்டும். படியேறி வந்து, கேனை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தார். சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். குடித்தார். பாதி சட்டை மேல் கொட்டியது.

"குடிச்சிட்டியா? சீக்கிரம் வா" என்றார் பெரிய மாமா வெளியிலிருந்து.

அவர் எழுந்திருக்கவில்லை. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணே" என்றார்.

"இன்னாடா?"

"எனக்குப் பயமா இருக்குதுண்ணே."

இவ்வளவுதான். நாங்கள் மாதக்கணக்கில் வார்த்தை தேடித் தேடிப் பேசியது தமிழில் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. பெரிய மாமா ஏதாவது சொல்லித் திட்டுவார், சிரிப்பார், நடித்துக் காட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாசல்வரை வந்தார். தம்பியைப் பார்த்தார். குனிந்து டீசல் கேனை எடுத்துக்கொண்டார்.

"ஒக்காரு" என்றார்.

தெருவில் கொஞ்ச தூரம் போனவர் நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"எனக்குந்தான்டா."

அப்புறம் நடந்து போய்விட்டார். இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கும் கடலுக்குப் போனார். எங்கள் வீட்டுக்காரர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நான் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதுகில் கை வைத்துக்கொண்டேன். அழுகைக்கு நடுவில், "அண்ணனுக்குமா?" என்று ஒருமுறை கேட்டார்.

பெரிய மாமா காலையில் நல்லபடியாகத் திரும்பினார். கூடை நிறைய மீன். எப்போதும்போலத் தெருவில் சத்தமாகப் பேசினார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. நல்ல வஞ்சிரமாக ஒன்றை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். தம்பியை வா என்றும் கூப்பிடவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை.

அன்று மதியம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறவர், உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். என்னைவிடப் பல வருஷம் முன்னால் அந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தவர். பின்னாலிருந்து கூப்பிட்டதற்காக என்னை ஏசப் போகிறார் என்று நினைத்து நானும் பதிலுக்குத் தயாராக இருந்தேன். அவர் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏண்டி, நீ அவனாண்ட இங்கிலீசுல பேசித்தான் அத வெளிய எடுத்தியாம். தம்பி சொன்னான்."

"ஆமாங்க்கா."

"அத எப்டிடி கேக்குறது?"

"எத?"

அக்கா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பயமா இருக்குதான்னு."

தமிழிலேயே கேளுங்கள் அக்கா என்று சொல்ல வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. தமிழுக்கு வந்து சேர எனக்கே அவ்வளவு நாள் ஆகியிருந்தது. அவர் எந்த வழியில் வந்தால் என்ன?

"ஆர் யூ அஃப்ரெய்ட்?" என்றேன்.

அவர் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை சத்தமே வரவில்லை. அடுத்த தடவை பாதி வந்தது. எதிர் வீட்டில் பெரிய மாமா சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்தார். அந்த மூன்று வார்த்தையையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே தெருவைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனார்.